“பப்புக்குள்ளே நான் வரமாட்டேன்!”

“அம்மா, டீ குடிக்க ஒரு இடத்துல நிறுத்தப்போறோம். ஆனா... அது ஒரு பப்.”

மகள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். நான் சீட் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியிலேயே இருக்கேன்.”

மாப்பிள்ளை கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். “அத்தை, நம்ம ஊர் மாதிரி இல்ல. குழந்தைங்க எல்லாம் வருவாங்க...” என்று ஆரம்பித்தவர், மகள் லேசாகத் தலையாட்டியதும் நிறுத்திவிட்டார். அவளுக்குக் காரணம் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் துறையூர் பக்கத்துக்காரி. அரசுப் பள்ளியில் முப்பது வருடம் அறிவியல் டீச்சர். வயது 63. மகளும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். கடந்த அக்டோபரில் ஏழு வயதுப் பேத்திக்குப் பள்ளியில் ஒரு வாரம் விடுமுறை விட்டதும், எல்லோருமாக ஏரி மாவட்டத்துக்குக் காரில் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். “அவசரமில்லாமப் போவோம். யார்க்ஷயர் டேல்ஸைப் பார்த்துக்கிட்டே போகலாம்” என்று மாப்பிள்ளைதான் சுற்றுப் பாதையைப் பிடித்தார்.

டேல்ஸ் என்றால் பள்ளத்தாக்குகள். பச்சைச் சரிவுகள், சுண்ணாம்போ சிமென்ட்டோ வைக்காமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்கள், வயல் நடுவே தனித்தனியாக நிற்கும் கல் கொட்டகைகள். கறுப்பு முகமும் வெள்ளை மூக்குமாகச் செம்மறி ஆடுகள். ‘ஸ்வேல்டேல்’ என்று இந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே அந்த ஆட்டு இனத்துக்கும் வைத்திருக்கிறார்கள். கிடா, பெட்டை இரண்டுக்குமே சுருண்ட கொம்பு உண்டு. பேத்தி ஆடுகளை எண்ணி எண்ணி 200-க்கு மேல் கணக்குத் தவறிவிட்டாள்.

ஊர் வாங்கிய பப்

முதலில் நிறுத்திய இடம் ஹட்ஸ்வெல். ரிச்மண்ட் நகரத்தை அடுத்த சின்ன கிராமம். பப்பின் பெயர், ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்.’ சொன்னபடியே நான் உள்ளே போகவில்லை. மகள் ஒரு கோப்பை டீயை வெளியே கொண்டுவந்து கொடுத்தாள். பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தேன். கீழே ஸ்வேல் நதியின் பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது.

“அம்மா, உள்ள ஒரு குட்டி லைப்ரரி இருக்கு. மளிகைக் கடையும் இருக்கு” என்றாள் மகள்.

“பப்புக்குள்ள லைப்ரரியா?”

அப்போதுதான் மாப்பிள்ளை அந்தக் கதையைச் சொன்னார். 2008-ல் இந்தப் பப் மூடப்பட்டுவிட்டது. ஊரில் இருந்த ஒரே பப் அதுதான். பப் மூடியதும் ஊர்க்காரர்களுக்குச் சந்தித்துப் பேசவே ஒரு பொது இடம் இல்லாமல் போய்விட்டது. தெருவில் பார்த்தால் தலையாட்டல், அவ்வளவுதான். அப்போதுதான் ஊர்க்காரர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு, வெளியிலிருந்தும் ஆதரவு திரட்டி, 2010-ல் அந்தப் பப்பை ஊரே வாங்கிவிட்டது! நூலகம், சாமான் கடை, பின்னால் ஊர்க்காரர்கள் காய்கறி போட்டுக்கொள்ளத் தோட்டத் துண்டுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பாரம்பரிய ஏல் பீருக்காகவும் பப்புகளுக்காகவும் 1971 முதல் இயங்கும் ‘கேம்ரா’ என்ற நுகர்வோர் அமைப்பு, 2016-ம் ஆண்டின் தேசிய அளவிலான சிறந்த பப்பாக இதைத் தேர்ந்தெடுத்தது.

“ஒரு சாராயக் கடையைக் காப்பாத்த ஊரே காசு போடுமா?” என்று கேட்டேன். என் குரலில் கிண்டல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

“அத்தை, அவங்க காப்பாத்தினது கடையை இல்ல... உட்காருற இடத்தை” என்றார் மாப்பிள்ளை.

நான் பதில் சொல்லவில்லை. டீ ஆறிப்போயிருந்தது.

அண்ணன் நின்ற வாசல்

இப்போது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே அண்ணன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பஸ் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, என்னை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தவர் அவர்தான். நடுவில் குடி வந்தது. முதலில் சம்பள நாளில், அப்புறம் வாரக் கடைசியில், அப்புறம் தினமும். எங்கள் ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பக்கத்து ஊருக்கு சைக்கிள் மிதித்துப் போய், நின்றபடியே குடித்துவிட்டு வருவார். வீட்டில் அவருக்குச் சாப்பாடு தனியாக மூடி வைக்கப்பட்டிருக்கும். அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நாங்கள் எல்லோருமே ஒவ்வொருவராக நிறுத்திவிட்டிருந்தோம்.

2000-ம் வருட தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பிள்ளைகளுக்கு ஒரு பட்டாசுப் பெட்டி. நிற்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே என் மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் என்று வீடு நிறைய ஆட்கள். “இந்தக் கோலத்துல உள்ள வராதே” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. அடுத்த வருடம் பொங்கல் முடிந்து சில வாரங்களில், 44 வயதில் போய்விட்டார்.

அன்றிலிருந்து மது இருக்கும் இடத்துக்குள் கால் வைப்பதில்லை என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விரதம். கல்யாண ரிசப்ஷனில் ஒரு மூலையில் பாட்டில் தெரிந்தால்கூட மொய் எழுதிவிட்டு வந்துவிடுவேன்.

பனிமூட்டத்தில் ஒரு விளக்கு

ரீத் என்ற ஊரைத் தாண்டி ஆர்க்கன்கார்த்டேல் பள்ளத்தாக்கில் ஏற ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் மரங்கள் நின்றுபோயின. சுவர்களும் நின்றுபோயின. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் பழுப்பு நிறப் புல்லும் சதுப்பு நிலமும்தான். சாலை நடுவில் ஆடுகள் படுத்துக்கொண்டு, வண்டி வந்தால் மெதுவாக எழுந்து நகர்கின்றன. திடீரென்று மூட்டம் இறங்கியது. பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. காற்று காரையே ஆட்டியது. செல்போனில் சிக்னல் இல்லை.

“அம்மாச்சி, எனக்கு பாத்ரூம் வருது” என்றாள் பேத்தி.

சுற்றிலும் ஒரு செடிகூட இல்லாத பொட்டல். என்ன செய்வது என்று யோசிக்கும்போதே, மூட்டத்துக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. பக்கத்தில் போனதும் தாழ்வான, நீளமான ஒரு கல் கட்டடம். வாசலில் ‘டேன் ஹில் இன்’ என்று எழுதியிருந்தது.

“அத்தை... இதுவும் பப்தான்” என்றார் மாப்பிள்ளை, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தையின் அவசரத்துக்கு முன்னால் விரதமாவது ஒன்றாவது! அவளைத் தூக்காத குறையாக உள்ளே ஓடினேன்.

பிரிட்டனின் உச்சிப் பப்

உள்ளே போனதும் முதலில் பட்டது வெப்பம். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. தலையில் இடிக்கும் உயரத்தில் கறுத்த மர உத்தரங்கள். கல் தரை. சேற்று பூட்ஸோடு நாலைந்து மலையேறிகள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் இரண்டு வயதான பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு அடியில் ஒரு நாய். யாரும் சத்தம் போடவில்லை. யாரும் தள்ளாடவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்து, “வாங்க, முதல்ல நெருப்புப் பக்கத்துல உட்காருங்க. அப்புறமா என்ன வேணும்னு சொல்லுங்க” என்றார் ஆங்கிலத்தில்.

உட்கார்ந்துவிட்டேன். வெளியே காரில் தனியாக உட்கார்ந்திருக்கும் குளிர் இல்லை அது என்பதும் ஒரு காரணம்.

இந்த இடத்தைப் பற்றி அங்கே தெரிந்துகொண்டதையும், பிறகு மகள் வீட்டில் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர், அதாவது 1,732 அடி உயரத்தில் இருக்கிறது டேன் ஹில் இன். பிரிட்டனிலேயே மிக உயரமான இடத்தில் இருக்கும் பப் இதுதான். ‘எங்க ஏற்காடு இதைப்போல ரெண்டரை மடங்குக்கு மேலே’ என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால், இங்கிலாந்தின் வட பகுதியில் இந்த உயரத்திலேயே மரம் வளரத் திணறுகிறது. காற்றும் பனியும் அப்படி.

17-ம் நூற்றாண்டிலிருந்து இங்கே விடுதி இருக்கிறது. இப்படி ஒரு பொட்டலில் எதற்கு விடுதி? அன்றைக்கு இது பொட்டல் இல்லை. சுற்றிலும் நிலக்கரிக் குழிகள். சுரங்கத் தொழிலாளிகள் இங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். கரி ஏற்றிப் போகிறவர்களும், மாடு ஆடு ஓட்டிப் போகிற வியாபாரிகளும் இந்த வழியாகத்தான் மலையைக் கடந்தார்கள். 1929-ல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. தொழிலாளிகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. ஊர் போய்விட்டது. பப் மட்டும் மிஞ்சியது. சுற்றுவட்டார விவசாயிகள்தான் அதைக் காப்பாற்றினார்கள்.

ஹட்ஸ்வெல்லில் ஊர் இருந்தும் பப் போய்விட்டது. இங்கே ஊரே போன பிறகும் பப் இருக்கிறது!

1965-ல் ‘பென்னைன் வே’ என்ற நெடுந்தூர நடைபாதை திறக்கப்பட்டது. சுமார் 430 கிலோமீட்டர். அது இந்த வாசல் வழியாகவே போகிறது. அதனால் மலையேறிகளுக்கு இது தவறாத நிறுத்தம். மே மாதக் கடைசியில் இங்கே ஸ்வேல்டேல் ஆடுகளுக்கான கண்காட்சி நடக்கும். நல்ல கிடாவைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பார்கள்.

1980-களில் ஒரு ஜன்னல் கண்ணாடி விளம்பரத்தை இங்கே எடுத்தார்கள். வெளியே பேய்க்காற்று. ஜன்னலுக்கு உள்பக்கம் ஒருவர் ஒரு இறகைக் கீழே விடுவார். அது ஆடாமல் அசையாமல் நேராக இறங்கும். இங்கிலாந்தில் அந்தத் தலைமுறைக்கு அந்த விளம்பரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2007-ல் இங்கே கிறிஸ்துமஸ் விருந்தை ‘ஃபேமிலி ஃபீஸ்ட்’ என்று மெனுவில் போட்டிருந்தார்கள். ‘அது எங்கள் வணிகப் பெயர்’ என்று கே.எஃப்.சி நிறுவனத்தின் வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்தது. விஷயம் செய்தித்தாள்களில் வந்து நாடே சிரித்ததும், நிறுவனம் பின்வாங்கிவிட்டது.

மூன்று ராத்திரி, 61 பேர்

இந்தப் பப்பை உலகச் செய்தியாக்கியது ஒரு புயல். 2021 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. ‘ஆர்வென்’ புயல் அடித்த ராத்திரி. அன்று இங்கே ‘நோயேசிஸ்’ என்ற குழுவின் கச்சேரி. புகழ்பெற்ற ஒயேசிஸ் இசைக்குழுவின் பாட்டுகளைப் பாடும் குழு அது. கச்சேரி முடிந்து பார்த்தால் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. வாசலை மூடும் அளவுக்குப் பனி குவிந்தது. சாலையில் மின்கம்பிகள் அறுந்து கிடந்தன. யாராலும் நகர முடியவில்லை.

வந்தவர்கள், பாட வந்தவர்கள், வேலை செய்பவர்கள் என மொத்தம் 61 பேர். மூன்று ராத்திரி ஒரே கூரைக்குக் கீழே! அறை கிடைத்தவர்கள் அறையில், மற்றவர்கள் சோபாவிலும் தரையில் விரித்த படுக்கையிலும் படுத்தார்கள். கேள்வி-பதில் போட்டி, பாட்டு, சினிமா என்று பொழுது போனது. மாட்டிக்கொண்ட இசைக்குழுவும் சும்மா இருக்கவில்லை. சிகிச்சை தேவைப்பட்ட ஒருவரை மட்டும் மலை மீட்புக் குழுவினர் வந்து அழைத்துப் போனார்கள். திங்கள்கிழமை பனி அகற்றும் வண்டி வந்து வழி திறந்தது. முன்பின் தெரியாதவர்களாக வந்தவர்கள், பிரிய மனமில்லாமல் கிளம்பினார்கள்.

யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதில் பெரிதாகப் பட்டது. ஆங்கிலேயர்களின் பழைய பொதுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ‘இன்’ என்ற வழிவிடுதி நடத்துபவர், இடம் இருக்கும்போது, தகுந்த காரணமில்லாமல் வழிப்போக்கரைத் திருப்பி அனுப்பக் கூடாது. நம் ஊர்ச் சத்திரங்களுக்குப் பின்னால் தர்மம் இருந்தது. இங்கே அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

‘பப்’ என்பதே ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம்தான். பொது வீடு. ஒரு காலத்தில் பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வாசலில் சிங்கம், அன்னம், கிரீடம் என்று படம் போட்ட பலகை மாட்டுவார்கள். லண்டனில் ஏல் விற்கும் விடுதிகள் இப்படி அடையாளம் மாட்டியே ஆக வேண்டும் என்று 1393-ல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் உத்தரவு போட்டார். ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்’ மாதிரியான பெயர்கள் அந்தப் படப் பலகை வழக்கத்தில் வந்தவைதான்.

ஜிஞ்சர் பீர் தாத்தா

நாங்கள் சாப்பிட ஆரம்பித்தோம். எனக்குக் காய்கறி சூப்பும் ரொட்டியும். பேத்திக்கு யார்க்ஷயர் புட்டிங். பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மைதா, முட்டை, பால் கரைத்து ஊற்றி, அடுப்பில் உப்பிவரச் சுட்ட கிண்ணம் மாதிரி ஒன்று. நடுவில் குழம்பு ஊற்றிச் சாப்பிட வேண்டும். கடைசியாக ஸ்டிக்கி டாஃபி புட்டிங். பேரீச்சம்பழம் போட்ட கேக்கின் மேல் சூடான சர்க்கரைப் பாகு. இதுதான் நிஜமான இனிப்பு!

கணப்புக்கு எதிர்ப்பக்கம் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அடியில் பார்த்தேனே, அந்த நாய் அவருடையதுதான். பேத்தி நாயைத் தடவப்போக, பேச்சு ஆரம்பமானது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆடு வளர்ப்பவர். அவருடைய யார்க்ஷயர் உச்சரிப்பு எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை மகள் சொன்னாள்.

அவர் முன்னால் ஒரு கிளாஸ் இருந்தது. என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

“ஜிஞ்சர் பீர். பேர்லதான் பீர். இஞ்சித் தண்ணி” என்று சிரித்தார். “பதினோரு வருஷமா மத்ததைத் தொடுறதில்ல.”

“குடிக்கிறதை விட்டுட்டு எதுக்கு இங்க வர்றீங்க?” வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மகள் என் முழங்கையை இடித்தாள்.

அவர் கோபப்படவில்லை. “வீட்டுல நான் மட்டும்தான். இங்க வந்தா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க” என்றார்.

அப்புறம் அவராகவே சொன்னார். மனைவி இறந்த பிறகு தினமும் குடித்திருக்கிறார், தன் கிராமத்துப் பப்பில். ஒருநாள் ராத்திரி அங்கே கடை நடத்தியவர், “இன்னிக்கு உனக்குப் போதும்” என்று கிளாஸை எடுத்துவிட்டார். போதையில் இருப்பவருக்கு மது விற்பது இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம். ஆனால், அந்த ஆள் சட்டத்தோடு நிறுத்தவில்லை. டீ போட்டுக் கொடுத்து, இவருடைய மகளுக்கு போன் செய்து, அவர் வந்து கூட்டிப் போகும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் இவர் சண்டை போடப் போயிருக்கிறார். அதற்கு அந்த ஆள் சொன்ன பதில்: “இனிமே உனக்கு நான் விக்கமாட்டேன். ஆனா, உன் நாற்காலி அங்கேயேதான் இருக்கும். வந்து உட்காரு.”

“ஒரே நாள்ல விட்டுடல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டு தடவை திரும்ப விழுந்தேன். ஆனா, அந்த நாற்காலி இருந்துச்சு” என்றார்.

நான் எரியும் விறகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டுதான் ஞாபகம் வந்தது.

“அந்தப் பப் இப்பவும் இருக்கா?” என்று மகள் கேட்டாள்.

“மூடிட்டாங்க. இப்ப அது யாரோ வாரக் கடைசிக்கு வந்து தங்கிட்டுப் போற வீடு. அதனாலதான் நான் இவ்வளவு தூரம் வர்றேன்.”

மூடும் கதவுகள்

அவருடைய பப் மட்டும் இல்லை. 2000-ம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 60,000 பப்புகள் இருந்தன. இப்போது சுமார் 45,000. சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு போய் வீட்டில் தனியாகக் குடிக்கிறார்கள். 2007-ல் புகைபிடிக்கத் தடை வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லாப் பப்புகளையும் மூடினார்கள். அடுத்து, மின்சாரமும் எரிவாயுவும் கடுமையாக விலை ஏறின. கிராமத்துப் பப்புகளை விற்றுவிட்டால் வீடாக மாற்றி நல்ல விலைக்குப் போகிறது.

எதிர்த்து நிற்கும் ஊர்களும் இருக்கின்றன. நாங்கள் போகவிருந்த ஏரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஹெஸ்கட் நியூமார்க்கெட் என்ற கிராமம், ‘ஓல்டு கிரவுன்’ என்ற தன் பப்பை 2003-லேயே கூட்டுறவு முறையில் வாங்கிவிட்டது. இங்கிலாந்தில் 2011-ல் வந்த ஒரு சட்டப்படி, ஒரு பப்பை ‘சமூகச் சொத்து’ என்று பதிவு செய்ய ஊர்க்காரர்கள் கேட்கலாம். அப்படிப் பதிவான பப்பை உரிமையாளர் விற்க நினைத்தால், ஊர்க்காரர்கள் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்க முடியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘டீச்சரம்மா குடிக்கு வக்காலத்து வாங்குறாங்க’ என்று நினைக்க வேண்டாம். லீட்ஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி, ரயில் நிலையம் அருகே தள்ளாடும் பிள்ளைகளையும் பார்த்தேன். அங்கேயும் குடியால் அழியும் குடும்பங்கள் உண்டு. மது எங்கே இருந்தாலும் மதுதான். எனக்குப் புரிந்தது வேறு ஒன்று. குடிப்பவனிடமிருந்து மதுவை விலக்கி வைப்பது ஒன்று, மனிதர்களையே விலக்கி வைப்பது இன்னொன்று. நாங்கள் அண்ணனுக்கு இரண்டாவதைத்தான் செய்தோம்.

நீங்கள் போனால்...

இங்கிலாந்துக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மாக்களுக்குச் சில விஷயங்கள்:

* கிராமத்துப் பப்புகளில் பெரும்பாலும் குழந்தைகளோடு போகலாம். சில இடங்களில் ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் அனுமதிக்க மாட்டார்கள். முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

* பல பப்புகளில் சர்வர் மேசைக்கு வந்து கேட்கமாட்டார். நீங்களே கவுன்ட்டருக்குப் போய்ச் சொல்லி, பணம் கட்டிவிட்டு வந்து உட்கார வேண்டும். மேசை எண்ணைச் சொல்ல மறக்காதீர்கள்.

* மது வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. டீ, காபி, ஜூஸ், லைம் சோடா எது கேட்டாலும் யாரும் ஒருமாதிரியாகப் பார்க்கமாட்டார்கள்.

* சமையலறைக்குத் தனி நேரம் உண்டு. பப் திறந்திருந்தாலும், மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவில் சாப்பாடு கிடைக்காமல் போகலாம்.

* வண்டி ஓட்டுபவர் குடிக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் 100 மி.லி ரத்தத்தில் 80 மி.கி ஆல்கஹால் வரை வரம்பு. ஸ்காட்லாந்துக்குள் நுழைந்தால் 50. நம் நாட்டில் 30. வரம்பு என்னவாக இருந்தாலும், மலைச் சாலையில் மூட்டம் இறங்கினால் முழுத் தெளிவு வேண்டும்.

* டேன் ஹில் மாதிரி இடங்களுக்குப் போகும்போது கம்பளி உடுப்பு, டார்ச், தண்ணீர் காரில் இருக்கட்டும். வானிலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூட்டம் விலகியபோது

ஒரு மணி நேரத்தில் மூட்டம் கொஞ்சம் விலகியது. கிளம்பும்போது அந்தப் பெரியவர் எழுந்து கை கொடுத்தார். “அடுத்த தடவை வந்தா, அந்த நாற்காலியில உட்காருங்க. அங்கதான் சூடு நல்லா வரும்” என்றார்.

கார் மேற்குப் பக்கமாக இறங்க ஆரம்பித்தது. பேத்தி என் மடியில் தூங்கிவிட்டாள். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

“தீபாவளிக்கு உங்க மாமா வந்தாரே... நான் கதவைச் சாத்தினேன்” என்றேன். 24 வருடமாக யாரிடமும் சொல்லாதது.

மகள் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. “தெரியும்மா. நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். மாமா பட்டாசுப் பெட்டியைப் படியில வெச்சுட்டுப் போனார். மறுநாள் காலையில நீ அதை எடுத்து எங்களுக்குக் கொடுத்தே. கடைக்காரர் கொடுத்ததுன்னு சொன்னே” என்றாள்.

அவள் கையைப் பின்னால் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “அத்தை... கெஸ்விக் போக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நடுவுல டீ குடிக்க எங்க நிறுத்தலாம்?”

“எங்க வேணாலும் நிறுத்துங்க மாப்பிள்ளை. நானும் உள்ள வர்றேன்.”